டிம் போட்டால் ரோடு தெரியவில்லை, அண்ணே!

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹெட்லைட் பற்றித்தான். ஆகவே பிரேக், கிளட்ச் கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகின்றன, கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: பதினோரு வருடம் லாரி ஓட்டிவிட்டு, முதுகு ஒத்துழைக்காததால் வயரிங் வேலைக்கு வந்தவன் நான். இருட்டில் ரோடு தெரியாமல் கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்டுகிற அவஸ்தையை நானும் பட்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணே, நான் ஓட்டுவது 24 வோல்ட் வண்டி, ஆறு சக்கரம், பதினான்கு வருடப் பழசு. டிம் போட்டால் ரோடு தெரியவில்லை. பிரைட் போட்டால் எதிரே வருகிறவர்கள் திட்டுகிறார்கள். 100 வாட் பல்பு போடு என்கிறார் ஒருவர், எல்.இ.டி. பல்பு போடு என்கிறார் இன்னொருவர். கிளீனர் பையன், பம்பர் மேல் எல்.இ.டி. பட்டை ஒன்றை வைத்துவிடலாம் என்கிறான். எதைச் செய்யட்டும்? (பெயர் போட வேண்டாம் என்ற ஓட்டுநர்)

தம்பி, மூன்றையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வண்டிக்குப் பதினான்கு வயது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் முக்கியம். வண்டி புதிதாக வந்தபோது இதே லைட்டை வைத்துத்தானே முன்னால் ஓட்டியவர் இரவெல்லாம் போயிருப்பார்? அன்றைக்குத் தெரிந்த ரோடு இன்றைக்கு ஏன் தெரியவில்லை? பேட்டரிக்கும் ரோட்டுக்கும் நடுவில் எங்கோ திருட்டு நடக்கிறது. திருடனைப் பிடிக்காமல் பெரிய பல்பு வாங்கி மாட்டினால் அவனுக்குத்தான் தீனி.

போன மாதம் இதே மாதிரி ஒரு வண்டி என்னிடம் வந்தது. முப்பது நாளில் மூன்று ஜோடி பல்பு மாற்றியிருந்தார் ஓட்டுநர், ஒவ்வொரு முறையும் முந்தியதைவிடப் பெரிய பல்பு. நான் பல்பின் பின்னால் இருக்கும் கனெக்டரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. ஆட்டி ஆட்டி எடுத்தால் பிளாஸ்டிக் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது, நாள் முழுக்கப் புகைப்பவர் விரல் மாதிரி பழுத்துப் போயிருந்தது. உள்ளே இருந்த பித்தளைத் தகடு கறுத்து, பிடிப்பு விட்டுப்போய் லொடலொடவென்று ஆடியது.

இன்ஜினை ஓடவிட்டு, டிம் போட்டு, வோல்டேஜ் அளக்கும் மீட்டரை வைத்தேன். பேட்டரி முனையில் 27.6 வோல்ட். பல்பின் காலில் 23.1. நடுவில் நாலரை வோல்ட் காணோம். நாலரைதானே என்று நினைக்காதீர்கள். ஹாலஜன் பல்புக்கு ஒரு குணம் உண்டு. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதத்தோடு நிற்காது, ஏறத்தாழ 30 சதவீதம் போய்விடும். இந்த வண்டிக்குக் கணக்குப் போட்டால் பாதிக்குப் பாதி வெளிச்சம்தான் மிச்சம். இரண்டு பல்பும் சேர்ந்து சுமார் 5 ஆம்பியர் இழுக்கும்போது, காணாமல் போன நாலரை வோல்ட் என்பது 22 வாட் சூடு. அந்தச் சூடுதான் கனெக்டரை வேகவைத்துக்கொண்டிருந்தது. இப்போது 100 வாட் பல்பு போட்டால் என்ன ஆகும்? கரண்ட் கூடும், வழியில் தொலைகிற வோல்டேஜும் அதே விகிதத்தில் கூடும், சூடு அதைவிட வேகமாகக் கூடும், கனெக்டர் இன்னும் சீக்கிரம் கருகும்.

உங்கள் வண்டியிலும் இதைப் பார்க்கலாம். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் வையுங்கள், மறுமுனையைப் பல்பின் பிளஸ் காலில். லைட் எரிந்துகொண்டிருக்கும்போது மீட்டர் காட்டுவது, பிளஸ் வழியில் தொலைந்த வோல்டேஜ். அப்புறம் இதையே மைனஸுக்கும் செய்யுங்கள்: பல்பின் எர்த் கால், பேட்டரி மைனஸ். இரண்டில் எதுவும் அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்தை நோண்ட வேண்டியதுதான். எர்த் பக்கத்தைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. நான் சொன்ன வண்டியில் 1.9 வோல்ட் எர்த்தில்தான் போயிருந்தது. சேஸில் இருந்த ஒரே ஒரு போல்ட், அடியில் துரு, மேலே யாரோ அடித்த பெயின்ட். கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினேன். அந்த 1.9 வோல்ட் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது, செலவு என்று எதுவும் இல்லை.

பிளஸ் பக்கத்துக்கு ரிலே போடுங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகும் கரண்ட் முழுவதும் டாஷ்போர்டு ஸ்விட்ச், டிம்-பிரைட் மாற்றும் டிப்பர் ஸ்விட்ச் எல்லாம் சுற்றிவிட்டுத்தான் பல்புக்கு வரும். ஸ்விட்ச் முனைகள் தேயத் தேய வெளிச்சம் மங்கும். ரிலே போட்டால் ஸ்விட்சுக்கு உத்தரவு கொடுக்கிற வேலை மட்டும்தான், பாரத்தைச் சுமப்பது ரிலே. பேட்டரியில் இருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த வயர், ரிலேயில் 30 என்று எண் போட்ட காலுக்கு. 87-இல் இருந்து பல்புக்கு. ஏற்கெனவே பல்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. வயர் 2.5 ஸ்கொயருக்கு (சதுர மில்லிமீட்டர்) குறைய வேண்டாம். பியூஸை பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். அதைத் தாண்டி வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது பியூஸ் இருந்தும் பிரயோஜனம் இல்லை. டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. இடது வலது லைட்டுக்குத் தனித்தனி பியூஸ் வையுங்கள், வளைவில் போகும்போது இரண்டும் ஒன்றாக அணையக் கூடாது. ரிலே வாங்கும்போது 24 வோல்ட் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட் ரிலேயை மாட்டிவிட்டுச் சுருள் எரிந்துபோய் வந்தவர்கள் உண்டு. ஒரு எச்சரிக்கை: பல்பைக் கம்ப்யூட்டரே கண்காணிக்கிற புது வண்டிகளில் இந்த வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள், டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகு புதுப் பல்பு ஒரு ஜோடி, வண்டிக்கு என்ன அளவோ அதே அளவில். எச் 4 (பிரைட், டிம் இரண்டுக்கும் ஒரே பல்பு) என்றால் 24 வோல்ட்டுக்கு 75/70 வாட். ஒன்று போனால் இரண்டையும் மாற்றுங்கள், மிச்சமிருப்பதும் உள்ளே கறுத்து, இழை தொய்ந்துதான் இருக்கும். கண்ணாடியில் விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் மட்டும் கூடுதலாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். நீலப் பூச்சுப் பல்பு கேட்கவே வேண்டாம். மஞ்சளை வடிகட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை வெள்ளை என்று காட்டுகிற வித்தை அது, ரோட்டில் விழும் வெளிச்சம் குறைவுதான். பல்பு அடிக்கடி எரிந்துபோகிறது என்றால் சார்ஜிங் வோல்டேஜைப் பாருங்கள். 29-ஐத் தாண்டினால் குற்றவாளி ரெகுலேட்டர். 5 சதவீதம் வோல்டேஜ் கூடினாலே பல்பின் ஆயுள் கிட்டத்தட்ட பாதியாகிவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் இரண்டு மடங்கு தூரம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கிடையாது. தூரம் போகப் போக வெளிச்சம் பரந்து மெலிவதால், இரண்டு மடங்கு வெளிச்சத்துக்குக் கிடைப்பது 1.4 மடங்கு தூரம். இரண்டு மடங்கு தூரம் வேண்டுமானால் நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். 100 வாட் பல்பால் அது நடக்கிற காரியமா? கிளீனர் தம்பியின் யோசனைக்குக் கீழே வருகிறேன்.

கேள்வி: பழைய ஹெட்லைட்டிலேயே எச் 4 எல்.இ.டி. பல்பை மாட்டினேன். பகல் மாதிரி இருக்கிறது. ஆனால் எதிரே வருகிற எல்லோரும் எனக்கு லைட் அடித்துக் காட்டுகிறார்கள். பொறாமையா?

பொறாமை இல்லை ஐயா, கண்ணீர். கழற்றி வைத்த பழைய ஹாலஜன் பல்பு இருந்தால் எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் தெரியும். முன்பக்க இழைக்குக் கீழே படகு மாதிரி, சின்ன விரல் நகத்தை விடவும் குறுகலான ஒரு தகடு இருக்கும். டிம் போட்டால் எரிவது அந்த முன் இழை. தகடு அதன் வெளிச்சத்தைக் கீழ்ப்பக்கம் போகவிடாமல் மறைத்துவிடும். அதனால் பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான கிண்ணம், அதாவது ரிஃப்ளெக்டரின் மேல் பாதிக்கு மட்டும் வெளிச்சம் போய், அங்கே பட்டுக் கீழ்நோக்கி ரோட்டில் விழும். எதிராளி கண்ணில் படாமல் இருப்பதற்கு அந்தத் தகடுதான் காரணம். 1971-இல் எச் 4 பல்பு வந்ததில் இருந்து இதே ஏற்பாடுதான்.

ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டரை வளைத்தவர், அந்த இழை இருக்கிற இடத்தையும் பருமனையும் மில்லிமீட்டர் கணக்கில் மனதில் வைத்துத்தான் வளைத்திருக்கிறார். நீங்கள் அங்கே கொண்டுபோய் வைத்தது இரண்டு பக்கமும் சிப் ஒட்டிய ஒரு பட்டை. சிப் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தாலும், பட்டை தடிமனாக இருந்தாலும், வெளிச்சம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. வெளிச்சம் நிறைய இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் ஒரு பங்கு மரக்கிளைக்கும், ஒரு பங்கு எதிராளி கண்ணுக்கும், ஒரு பெரிய பங்கு உங்கள் பம்பருக்கு முன்னால் பத்து மீட்டருக்கும் போகிறது. அந்தப் பத்து மீட்டர்தான் "பகல் மாதிரி" என்று உங்களை ஏமாற்றுகிறது. பக்கத்தில் பளிச்சென்று இருந்தால் கண்பாவை சுருங்கும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும்.

சந்தேகமா, இரவில் ஒரு சுவரின் முன்னால் நிறுத்தி டிம் போடுங்கள். மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு கோடு தெரிய வேண்டும். கோடு இல்லாமல் பஞ்சு மாதிரி வெளிச்சம் பரவியிருந்தால் பல்பைக் கழற்றிவிடுங்கள். பல நாடுகளில் ஹாலஜன் ஹெட்லைட்டில் இப்படிப் பல்பை மட்டும் மாற்றுவதைச் சட்டமும் ஏற்பதில்லை.

எல்.இ.டி. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முழு ஹெட்லைட்டையும் மாற்றுங்கள். உங்கள் வண்டியில் 7 அங்குல வட்ட லைட் என்றால், அதே இடத்தில் உட்காரும் முழு எல்.இ.டி. லைட்டுகள் உண்டு, சிப்புக்கென்றே வடிவமைத்த லென்ஸோடு. வாங்கும்போது கண்ணாடியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும் இருந்தால் ஐ.நா. விதிமுறைப்படி ஒப்புதல் பெற்றது என்று பொருள். போலியாக அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால் சுவர்ச் சோதனையை விட்டுவிடாதீர்கள். அப்புறம் அம்புக்குறி. டிம் வெளிச்சத்தின் கோடு ஒரு பக்கம் சற்றே மேலே ஏறும், ரோட்டோரம் நடப்பவரைக் காட்டுவதற்காக. எதிரே நின்று பார்க்கும்போது உங்கள் வலப்பக்கம் காட்டும் அம்பு இருந்தால் சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. அம்பே இல்லை என்றால் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கானது. இதை மாற்றி வாங்கினால் அந்த ஏறுகிற வெளிச்சம் நேராக எதிராளி முகத்துக்குப் போகும். மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி வந்து ஒருவர் என்னிடம் காட்டினார். லைட் தரமானதுதான், ரோட்டின் தவறான பக்கத்துக்குச் செய்தது.

எல்.இ.டி. லைட்டில் முன்கண்ணாடி சூடாகாது, சூடெல்லாம் பின்னால்தான். பனிப்பொழிவு உள்ள இடத்தில் ஓட்டுகிறவர்கள் அதை நினைவில் வையுங்கள். ஹாலஜனில் தானாக உருகும் பனி இதில் ஒட்டிக்கொண்டே இருக்கும், இறங்கித் துடைக்க வேண்டும். லைட்டைப் போட்டதும் எஃப்.எம். ரேடியோ இரைகிறதென்றால் லைட்டுக்குள் இருக்கும் சர்க்யூட் மட்டம்.

கேள்வி: ஐயா, சொந்தமாக மினி லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். காலி வண்டியில் பிரச்சினை இல்லை. லோடு ஏற்றினால் மட்டும், டிம்மில்தான் போகிறேன், ஆனாலும் எதிரே வருகிறவர்கள் கண் கூசுகிறது என்கிறார்கள். எனக்கும் கிட்டத்தில் ரோடு தெரிவதில்லை. பல்பு மாற்ற வேண்டுமா? (சொந்த வண்டி ஓட்டும் ஒரு வாசகி)

பல்பில் ஒன்றும் இல்லை அம்மா. இந்தத் தடவை வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் லோடுக்கும் லைட்டுக்கும் உள்ள தொடர்பை நீங்களே கண்டுபிடித்து எழுதியிருக்கிறீர்கள். இருபது வருடம் ஓட்டியவர்களே இதைக் கவனிப்பதில்லை.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் மூன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். லோடு ஏற்றியதும் பின் ஸ்பிரிங் பட்டை 5 சென்டிமீட்டர் அமுங்குகிறது. வண்டியின் மூக்கு எவ்வளவு தூக்கும்? 350-க்கு 5, அதாவது கிட்டத்தட்ட 1.4 சதவீதம். ஹெட்லைட்டை மொத்தமாகக் கீழே சாய்த்து வைத்திருப்பதே 1.5 சதவீதம் வாக்கில்தான். லோடு ஏறியதும் அந்தச் சாய்வு முழுவதும் காணாமல் போகிறது. நீங்கள் டிம் போட்டாலும் வெளிச்சம் படுத்துக்கொண்டு நேராகப் போகிறது.

சரி, வீட்டிலேயே சரிபார்க்கலாம். டயர் காற்றைச் சரியாக வைத்துக்கொண்டு, சமதளமான இடத்தில் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்துங்கள். லைட்டில் இருந்து சுவர் வரை சரியாக 10 மீட்டர். தரை சமமா என்று சந்தேகமாக இருந்தால் ஒரு நீர்மட்டக் குழாய் வைத்துப் பாருங்கள், கண்ணை நம்பாதீர்கள். லைட்டின் நடுப்புள்ளி தரையில் இருந்து 90 சென்டிமீட்டர் என்றால், சுவரில் 90-இல் ஒரு கோடு, அதற்கு 15 சென்டிமீட்டர் கீழே, 75-இல் இன்னொரு கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் வெட்டுக்கோடு கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். 10 மீட்டரில் 15 சென்டிமீட்டர் என்பது 1.5 சதவீதம். இப்படி வைத்தால் வெளிச்சம் 60 மீட்டரில் போய்த் தரையைத் தொடும். உங்கள் வண்டிக்கென்று எத்தனை சதவீதம் என்பது பெரும்பாலும் லைட் பக்கத்திலோ வண்டியின் தகவல் தகட்டிலோ அச்சடித்திருக்கும், இருந்தால் என் கணக்கை விட்டுவிட்டு அதையே பிடியுங்கள். லைட் ஒரு மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் பெரிய லாரிகளில் சாய்வு கூடுதலாக, 2 சதவீதம் வரை இருக்கும். ஒவ்வொரு லைட்டாக, மற்றதைத் துணியால் மூடிக்கொண்டு பாருங்கள். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் எது எதன் கோடு என்று குழம்பும்.

டாஷ்போர்டில் 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறதா? அது ஏதோ அலங்காரம் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். லோடு ஏற ஏற எண்ணைக் கூட்ட வேண்டும், வெளிச்சம் கீழே இறங்கும். காலி வண்டியில் 0-இல் வைத்துச் சுவரில் சரிசெய்யுங்கள், அப்புறம் லோடோடு அதே சுவருக்கு வந்து எந்த எண்ணில் கோடு பழைய இடத்துக்கு வருகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். சக்கரம் இல்லாத வண்டி என்றால், நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற லோடோடு சரிசெய்துவிடுங்கள். காலியாகத் திரும்பும்போது கொஞ்சம் கிட்டத்தில் விழும். பரவாயில்லை, வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பின் பட்டை தளர்ந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், லைட்டைத் திருகிக்கொண்டே இருப்பதில் அர்த்தம் இல்லை.

கேள்வி: வண்டி உரிமையாளர் எழுதுகிறேன். எல்லா வண்டிகளுக்கும் புது லைட் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி இரவில் 80-இல் போகச் சொல்லலாம் அல்லவா? சரக்கு நேரத்துக்குச் சேர வேண்டும்.

சொல்லாதீர்கள் ஐயா. 80 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 22 மீட்டர். ஓட்டுநர் எதையோ பார்த்து, அது என்னவென்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி. அதற்குள் 33 மீட்டர் போயாகிவிட்டது. லோடு வண்டி நன்றாகவே பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னொரு 60 மீட்டர் ஆகும். மொத்தம் 95 வரை. டிம் வெளிச்சம் தரையைத் தொடுவது 60 மீட்டரில், கறுப்புச் சட்டைக்காரர் அதற்கும் கிட்டத்தில்தான் தெரிவார். 60 கிலோமீட்டர் வேகத்திலேயே நிற்க 60 மீட்டர் ஆகிவிடுகிறது. கணக்கு அங்கேயே இழுபறி.

நான் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தடவை, 55-ஐத் தாண்டவில்லை, டிம்மில் போய்க்கொண்டிருந்தேன். எதிர் வண்டி கடந்து போன மறுகணம், ரோட்டில் ஒரு சதுர இருட்டு. இருட்டுக்குள் இன்னொரு இருட்டு மாதிரி. லைட் இல்லாமல் நின்றுபோன டிராக்டர் டிரெய்லர், பின்னால் ஒட்டியிருந்த சிவப்பு ரிஃப்ளெக்டர் மேல் முழங்கை கனத்துக்குச் சேறு. நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். என் பம்பருக்கும் அதன் பலகைக்கும் நடுவில் கையை நீட்டி நுழைக்கத்தான் இடம் இருந்தது. அந்தக் கையால்தான் அந்த ரிஃப்ளெக்டரைத் துடைத்துவிட்டு வந்தேன், நடுங்கிக்கொண்டே. 80-இல் போயிருந்தால் இந்தப் பக்கத்தை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எதிரே யாரும் இல்லாதபோது பிரைட் போடச் சொல்லுங்கள். ஓட்டுநர்கள் டிம்மிலேயே போய்ப் பழகிவிட்டு, லைட் சரியில்லை என்கிறார்கள். புது லைட்டின் பலன் முழுதாகக் கிடைப்பது பிரைட்டில்தான். நேரத்துக்குச் சேர வேண்டுமானால் ஒரு மணி நேரம் முன்னால் கிளப்பிவிடுங்கள்.

கேள்வி: பம்பர் மேல் எல்.இ.டி. பட்டை வைக்கலாமா? (முதல் கடிதக்காரரின் கிளீனர் உட்பட நால்வர்)

கல் குவாரி, வயல் வரப்பு, காட்டுப் பாதை என்றால் தாராளமாக. பொது ரோட்டில், ஒப்புதல் முத்திரை உள்ள தூர வெளிச்ச லைட்டாக இருந்தால், பிரைட்டோடு மட்டும் எரிகிற மாதிரி ரிலே போட்டு இணைக்கலாம், உங்கள் ஊர் விதி எத்தனை லைட்டை அனுமதிக்கிறது என்று பார்த்துக்கொண்டு. டிம் போட்ட நொடியில் அதுவும் அணைய வேண்டும். தனி ஸ்விட்ச் மட்டும் வைத்தால் ஒருநாள் மறந்துபோவீர்கள். கேபின் கூரையில் வைத்தால் பானெட்டிலும் மழைத்துளியிலும் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். மூடுபனி லைட்டையும் தெளிவான இரவில் போடாதீர்கள், மேலே சொன்ன கண்பாவைக் கதைதான்.

கேள்வி: ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாகிவிட்டது. பற்பசை தேய்த்தால் போகுமாமே?

போகும், சில வாரத்தில் திரும்பி வரும். மஞ்சளாவது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரால், மேலே இருந்த பாதுகாப்புப் பூச்சு தேய்ந்துபோனதால். 800, 1000, 2000 என்று வரிசையாக உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மேலே புற ஊதாக் கதிர் தாங்கும் தெளிவான பூச்சு அடித்தால்தான் நிற்கும். பூச்சைத் தவிர்த்துவிட்டுத் தேய்ப்பது, இருந்த கொஞ்சப் பாதுகாப்பையும் எடுத்துவிடுகிற வேலை. உள்ளே ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் துடைக்கப் போகாதீர்கள். அது முடியை விட மெல்லிய அலுமினியப் பூச்சு, துணி பட்டால் துணியோடு வந்துவிடும். லைட்டையே மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: வயது 58. லைட் எல்லாம் புதுசு. ஆனாலும் எதிர் வண்டி லைட்டைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி கீற்றுக் கீற்றாகத் தெரிகிறது. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமா?

அண்ணே, மஞ்சள் கண்ணாடி வேண்டாம். வருகிற கொஞ்ச வெளிச்சத்திலும் ஒரு பங்கை அது தின்றுவிடும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், அதைப் போட்டுக்கொண்டு பாதசாரியைக் கண்டுபிடிப்பதில் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. முதலில் முன் கண்ணாடியின் உள்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். துணி சாம்பல் நிறமாக வரும். டாஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் சூடாகி வெளிவிடுகிற ஆவி அங்கே படலமாகப் படிந்துகொண்டே இருக்கிறது. வெளிப்பக்கம் வைப்பர் அரைவட்டமாகக் கீறியிருந்தால் கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும், அந்தக் கீறல்கள்தான் உங்கள் நட்சத்திரம். இரவில் டாஷ்போர்டு விளக்கைக் குறைத்து வையுங்கள்.

இதெல்லாம் செய்தும் கீற்று தெரிந்தால் கண் மருத்துவரிடம் போய் விழித்திரை, புரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். எனக்கும் அதே வயதுதான். போன வருடம் புரை எடுத்த பிறகுதான், இத்தனை நாள் என் வண்டி லைட்டைத் திட்டிக்கொண்டிருந்தது எவ்வளவு அநியாயம் என்று தெரிந்தது.

கேள்வி: என் 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் லைட் ஜோடி ஒன்று சும்மா கிடைத்தது. இரண்டு பேட்டரியில் ஒன்றில் மட்டும் வயர் எடுத்து மாட்டிக்கொள்ளலாமா?

கூடாது. அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும், கடைசியில் இரண்டும் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள், அல்லது சும்மா கிடைத்ததைச் சும்மாவே இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.